நரேன் கேட்ட கேள்வி



இந்த மாதப் பாடம் விவேகானந்தரைப் பற்றி என்றதும் எல்லாரும் சிகாகோவைத்தான் எதிர்பார்ப்பீர்கள். 1893 செப்டம்பர் 11, தலைப்பாகை, கைத்தட்டல். அதையெல்லாம் நாம் இடைநிலைப்பள்ளி பேச்சுப் போட்டியிலேயே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டோம். இந்தப் பாடத்தில் சிகாகோ கிடையாது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் கல்கத்தாவில் ஒரு காலேஜ் மாணவர் இருந்தார். நரேந்திரநாத் தத்தர். வீட்டில் நரேன். வயசு 18. எக்ஸாம் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், அப்பாவுக்கு மகன் வக்கீல் ஆகணும் என்ற ஆசை இருந்தது. அந்தப் பையனை விவேகானந்தர் ஆக்கியதில் மேடைகளுக்குப் பங்கு குறைவு. நாலைந்து உரையாடல்கள்தான் அதைச் செய்தன. இன்றைக்கு அவற்றை மட்டும் பார்ப்போம்.

நரேன் 1863 ஜனவரி 12ல் பிறந்தவர். அப்பா விசுவநாத தத்தர், கல்கத்தா உயர் நீதிமன்ற வழக்கறிஞர். வசதியான வீடு. நரேனுக்கு நல்ல பாட்டுக் குரல், உடற்பயிற்சி, எதையும் எதிர்த்துக் கேட்கிற புத்தி. முதலில் பிரசிடென்சி காலேஜ், அடுத்து ஜெனரல் அசெம்ப்ளிஸ் இன்ஸ்டிட்யூஷன். இன்றைக்கு அதன் பெயர் ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ். அங்கே ஹியூம், மில், ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்று மேல்நாட்டுத் தத்துவத்தை விழுந்து விழுந்து படித்தார். பிரம்ம சமாஜத்திலும் சேர்ந்திருந்தார். அவர்கள் உருவ வழிபாட்டை ஏற்காதவர்கள். இப்போதைய கணக்கில் சொன்னால், ராத்திரி 2 மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு யூடியூபில் கடவுள் உண்டா இல்லையா விவாதத்தை மூன்றாவது தடவை பார்க்கிற பையன். நம்மில் பலருக்கு அவரை நல்லாவே தெரியும்.

அந்தக் காலேஜின் முதல்வர் வில்லியம் ஹேஸ்டி. ஸ்காட்லாந்துக்காரர், கிறிஸ்தவப் பாதிரியார். ஒரு நாள் வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய ஒரு நீண்ட கவிதையைப் பாடம் நடத்துகிறார். அதில் இயற்கையைப் பார்த்துத் தன்னை மறந்து போகிற ஒரு நிலை வருகிறது. மாணவர்களுக்கு அது புரியவில்லை. மனத்தூய்மையும் ஒருமுகமும் இருந்தால் அப்படி ஓர் அனுபவம் வரும், இந்தக் காலத்தில் அது அபூர்வம், எனக்குத் தெரிந்து ஒருவரிடம்தான் கண்டிருக்கிறேன், தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ணர் என்று இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்ற கருத்தில் அவர் சொன்னதாக வரலாறு.

இதில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், இங்கிலீஷ் கவிதை வகுப்பில், பாடத்துக்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொல்கிறார். அது நரேனைக் காளி கோயில் பூசாரி ஒருவரிடம் கொண்டுபோய் விடுகிறது. சிலபஸில் அந்த வாக்கியம் இருந்திருக்காது.

எனக்கும் ஒரு ஹேஸ்டி உண்டு. ரெண்டாம் வருஷம் பாய்ம இயக்கவியல் பாடம் எடுத்த புவான். மலாய்க்காரர். தைப்பூச விடுமுறை முடிந்து லேப் தொடங்கிய அன்று, பினாங்கில் ரத ஊர்வலத்துக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பம்ப் சூடாகக் காத்திருந்த நேரத்தில் என்னிடம் கேட்டார்:

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். அவ்வளவு தேங்காய் ஏன் உடைக்கிறீங்க?"

"அது எங்க பாரம்பரியம், புவான்."

"அது எனக்கும் தெரியும். உங்களுக்கு அதில் என்ன அர்த்தம்?"

அவர் கேலி செய்யவில்லை. பதிலுக்காக நின்றார். நான் பம்ப் மீட்டரைப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமைதான் எஸ்.பி.எம்.முக்குப் பிறகு முதல் தடவையாகக் கோயில் சமய வகுப்புக்குப் போனேன். வகுப்பில் சொன்னார்கள்: மட்டை, ஓடு, உள்ளே வெள்ளைப் பருப்பு, ஓடு நம் ஆணவம், அதை இறைவன் முன் உடைக்கிறோம். அடுத்த லேபில் புவானிடம் அப்படியே ஒப்பித்தேன். நல்லாயிருக்கு என்றார். உடனே அடுத்த கேள்வி: "இது நீங்க படிச்சதா, யாராவது சொன்னதா, இல்ல உடைக்கும்போது நீங்களே உணர்ந்ததா?"

இந்த ரெண்டாவது கேள்வியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் திரும்பத் தேவைப்படும்.

நரேனிடம் வருவோம். அவர் மனசில் ஒரே ஒரு கேள்வி உருண்டுகொண்டிருந்தது. கடவுள் இருக்கிறாரா என்பது அல்ல. அதற்கு ஆயிரம் பேர் ஆயிரம் புத்தகத்திலிருந்து பதில் சொல்வார்கள். அவர் கேட்க நினைத்தது: ஐயா, நீங்கள் கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்வியோடு அவர் போய் நின்ற பெரியவர்களில் முக்கியமானவர் மகரிஷி தேவேந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரநாத்தின் அப்பா. பிரம்ம சமாஜத்தின் பெருந்தலைவர். அவர் நேர்ப் பதில் சொல்லவில்லை. தம்பி, உனக்கு யோகியின் கண்கள் இருக்கின்றன என்ற பொருளில் ஏதோ சொல்லி அனுப்பினார். மரியாதையான பதில்தான். ஆனால் கேள்வி அப்படியே கிடக்கிறது.

இது நமக்கும் பழக்கமான அனுபவம். கேள்வி கேட்டால், "ஆஹா, நல்ல கேள்வி தம்பி, இந்த வயசுல இப்படிக் கேக்குறீங்களே, கைத்தட்டுங்க" என்று சொல்வார்கள். எல்லாரும் தட்டுவார்கள். மைக் அடுத்தவரிடம் போய்விடும். பாராட்டு கிடைத்த சந்தோஷத்தில் பதில் கிடைக்காததை நாமே கவனிக்க மாட்டோம். இதைவிட மோசமான வகையும் உண்டு. ஒரு மண்டபத்தில் நடந்த சொற்பொழிவு முடிந்ததும், என் பக்கத்தில் இருந்த தங்கை ஒருவர், பிரார்த்தனைக்குப் பலன் கிடைக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். "பெரியவங்ககிட்ட இப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்று வரிசையிலிருந்தே ஒரு குரல் அடக்கிவிட்டது. பேச்சாளர் வாய் திறக்கவே இல்லை. அந்தத் தங்கையை அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சியிலும் நான் பார்க்கவில்லை.

கேள்வி கேட்பது நம் சமயத்துக்கு விரோதம் என்று யார் சொன்னது? உபநிடதங்களில் பெரும்பகுதி உரையாடல்தான். நசிகேதன் எமனிடமே கேட்கிறான். கீதையில் அர்ச்சுனன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நாலாம் அத்தியாயம், 34ஆம் சுலோகத்தில் ஞானம் பெற மூன்று வழி சொல்லப்படுகிறது: பணிவு, கேள்வி, தொண்டு. நாம் முதலாவதையும் மூன்றாவதையும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை விட்டுவிட்டோம். நம் சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியார், தன் குரு மெய்கண்டாரை நோக்கிக் கேட்பதாகவே 'இருபா இருபஃது' என்ற நூலை அமைத்தார். சாத்திரம் பதினான்கில் அது ஒன்று. வள்ளுவரும் கல்விக்குப் பக்கத்திலேயே கேள்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார், 42ஆவது. அங்கே கேள்வி என்றால் செவியால் கேட்டறிவது. வாயால் கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது, பாருங்கள்.

1881 நவம்பரில் கல்கத்தாவில் சுரேந்திரநாத் மித்திரர் வீட்டில் நரேன் பாட வந்திருந்தார். அங்கேதான் ராமகிருஷ்ணரை முதலில் பார்த்தது. பாட்டைக் கேட்ட ராமகிருஷ்ணர் தட்சிணேசுவரத்துக்கு வரச் சொன்னார். நரேன் போனார். போனதும் நடந்தது விசித்திரம். பெரியவர் இவரைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போய், இத்தனை நாள் காக்கவைத்துவிட்டாயே என்று அழுகிறார், இனிப்பு ஊட்டுகிறார். நரேனுக்கு இவர் பைத்தியமோ என்ற எண்ணம். ஆனால் அறைக்குள் வந்து மற்றவர்களிடம் பேசும்போது பேச்சு ரொம்பத் தெளிவாக இருக்கிறது. அப்போதுதான் அந்தக் கேள்வியைப் போட்டார்.

பார்த்திருக்கிறேன் என்று பதில் வந்தது. உன்னை எதிரில் பார்ப்பதைவிடத் தெளிவாகப் பார்க்கிறேன், நீயும் பார்க்கலாம், ஆனால் யார் அதற்காக ஏங்குகிறார்கள், பெண்டாட்டி பிள்ளைக்கும் பணத்துக்கும் குடம் குடமாய் அழுகிறார்கள் என்ற கருத்தில் அவர் தொடர்ந்தார். மேற்கோள் கிடையாது. உன்னைப் பற்றிய புகழ்ச்சியும் கிடையாது.

சித்தாந்தத்தில் அளவை என்று ஒரு பகுதி வரும். ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது என்பதுதான் அதன் பொருள். காண்டல், கருதல், உரை என்று மூன்று. நேரில் காண்பது, காரணம் வைத்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்வது. எஞ்சினியரிங் படிக்கிறவர்களுக்கு இது சட்டெனப் புரியும். மீட்டரில் அளந்த எண் ஒன்று, சமன்பாட்டில் போட்டுக் கணக்கிட்ட எண் ஒன்று, தயாரிப்பாளர் கையேட்டில் அச்சடித்த எண் ஒன்று. மூன்றும் தேவை. ஆனால் ரிப்போர்ட்டில் எது எது என்று குறிக்காவிட்டால் மார்க் போகும். நரேன் இதைத்தான் செய்தார். எல்லாரும் உரை அளவையில் பேசிக்கொண்டிருந்த இடத்தில், காண்டல் உண்டா என்று கேட்டார். புவான் என்னிடம் கேட்டதும் இதேதான். அவருக்கு அளவை இயல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பதில் கிடைத்ததும் நரேன் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார் என்று சில பேச்சாளர்கள் முடித்துவிடுவார்கள். அது சரியில்லை. ஏற்றுக்கொள்ள அவருக்கு வருஷங்கள் பிடித்தன. ராமகிருஷ்ணருக்குப் பணத்தைத் தொட்டாலே உடம்பு கூசும் என்று கேள்விப்பட்டார். சோதித்துப் பார்க்க, அவர் இல்லாத நேரத்தில் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசை ஒளித்து வைத்தார். வந்து உட்கார்ந்தவர் தேள் கொட்டியதுபோல எழுந்துவிட்டார். விஷயம் புரிந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. காசு மாற்றுகிறவர் நாணயத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரி என்னையும் சோதித்துப் பார் என்பதுதான் அவர் கொள்கை.

எல்லாம் பிரம்மம் என்ற அத்வைதக் கருத்தை நரேன் நேராகவே கேலி செய்தார். இந்தச் செம்பும் கடவுளாம், இந்தக் குவளையும் கடவுளாம் என்று ஹாஸ்ரா என்பவரோடு வராந்தாவில் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து ராமகிருஷ்ணர் வந்து, அவரும் சிரித்துக்கொண்டே, நரேனைத் தொட்டார். அதற்குப் பிறகு சில நாள் சாப்பாட்டுத் தட்டும் ரோட்டில் போகிற வண்டியும் தனக்கு ஒன்றாகவே தெரிந்ததாக நரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நான் இதில் கவனிக்கச் சொல்வது அந்தத் தொடுதலைக்கூட அல்ல. கேலி செய்த மாணவரை அவர் வெளியே அனுப்பவில்லை. இன்னொரு சமயம் ஒரு மாதத்துக்கும் மேல் நரேனோடு பேசாமலே இருந்தார். நரேன் வந்தார், உட்கார்ந்தார், போனார். நான்தான் பேசுவதே இல்லையே, ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, உங்களைப் பிடித்திருக்கிறது, பார்க்க வருகிறேன் என்றார். ஒத்துப்போகாதவர்கள் ஐந்து வருஷம் விடாமல் பேசியிருக்கிறார்கள். 1881 கடைசி முதல் 1886 ஆகஸ்ட் வரை. நம் டிகிரியே நாலு வருஷம்தான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பெரும் பங்கு மகேந்திரநாத் குப்தர் என்ற ஆசிரியருக்கு. 'ம' என்று சுருக்கமாகப் பெயர் போட்டுக்கொண்டவர். 1882 பிப்ரவரியில் முதலில் வந்தார், அப்போது ஒரு பள்ளித் தலைமையாசிரியர். வீட்டுக்குப் போய் டைரியில் தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், என்ன பேச்சு என்று குறித்து வைப்பார். அதுதான் பிறகு 'கதாமிர்தம்' ஆயிற்று. 1902 முதல் 1932 வரை ஐந்து பாகங்கள். லேப் லாக்-புக் எழுத அலுத்துக்கொள்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்த நூலில் ஒரு வேடிக்கையும் உண்டு. நரேனையும் ம-வையும் இங்கிலீஷில் வாதம் செய்யுங்கள், நான் கேட்கிறேன் என்று ராமகிருஷ்ணர் தூண்டிவிடுவார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது!

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். 1884 பிப்ரவரியில் அப்பா திடீரென இறந்துவிட்டார். நரேன் பி.ஏ. முடிக்கிற சமயம். வருமானத்தைவிடச் செலவு அதிகமாக இருந்த வீடு. கடன்காரர்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் வீட்டின் மீதே வழக்குப் போட்டார்கள். அம்மா, தம்பிகள், தங்கைகள் எல்லாருக்கும் இவர்தான் மூத்த ஆண். வேலை தேடிக் கல்கத்தா வெயிலில் அலுவலகம் அலுவலகமாக நடந்தார். வீட்டில் சாப்பாடு போதாத நாளில் வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தார். கடவுள் மேல் கோபம் வந்தது. அதை வெளியிலும் சொன்னார்.

நம் வாசகர்களில் பலருக்கு இந்த 1884 தூரத்துக் கதையாக இருக்காது. பி.டி.பி.டி.என். கடன் ஓடுகிறது, வீட்டில் முதல் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள். என் விஷயத்தில், ரெண்டாம் வருஷம் முடிகிற நேரத்தில் லோரி ஓட்டும் அப்பாவுக்குச் சரக்கு இறக்கும்போது முதுகில் அடி. ஆறு மாசம் எழ முடியாது என்றார்கள். நான் படிப்பை நிறுத்திவிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போவதாகக் கிட்டத்தட்ட முடிவு செய்து, வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் வகுப்பு எடுக்கும் ஐயாவிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற டெக்னீஷியன். விதி, கர்மா, சோதனை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சொக்சோவுக்கு மனு போட்டாச்சா தம்பி?" என்று கேட்டார்.

வேலை இடத்தில் நடந்த விபத்துக்கு அதில் பணம் வரும், முதலாளி மூலம் பாரம் போகணும் என்று விளக்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு அர்ச்சனைச் சீட்டை எடுத்துப் பின்பக்கத்தில் கோடு போட்டார். வீட்டு வாடகை எவ்வளவு, மோட்டார் தவணை எவ்வளவு, தம்பி ஸ்கூல் பஸ், அம்மா துப்புரவு வேலையில் வாங்குவது, சொக்சோவில் வரக்கூடியது. கூட்டிக் கழித்தால் மாசத்துக்கு 400 ரிங்கிட் துண்டு விழுந்தது.

"400 ரிங்கிட் பிரச்சினைக்கு டிகிரிய விக்கப் போறீங்களா?"

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "முடிவு உங்களோடது. நிறுத்தினாலும் தப்பில்ல. ஆனா அப்பா என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு எடுங்க. அவருக்காகத்தானே நிறுத்துறீங்க?"

அன்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். எங்கள் வீட்டில் அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசுவது வழக்கமில்லை. சாப்டியா, பஸ் காசு இருக்கா, அவ்வளவுதான். அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்து, "நீ வேலைக்குப் போனா, அந்த வெக்கத்துல நான் முதுகு ஆறதுக்கு முன்னாடியே எழுந்து லோரி எடுத்துருவேன். நீ படிச்சேன்னா படுத்துக் குணமாவேன்" என்றார். இதை நான் கணக்கில் போட்டே இருக்க முடியாது. அர்ச்சனைச் சீட்டில் அதற்கு இடமே இல்லை. படிப்பைத் தொடர்ந்தேன். சனி ஞாயிறில் படிவம் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து அந்த 400ஐ ஈடுகட்டினேன்.

நரேனும் தன் கஷ்டத்தை ராமகிருஷ்ணரிடம்தான் கொண்டுபோனார். அம்மாவும் தம்பிகளும் பசியாறணும், நீங்கள் காளியிடம் கேளுங்கள் என்றார். ராமகிருஷ்ணர், நானா கேட்பது, நீயே போய்க் கேள் என்று சன்னதிக்கு அனுப்பினார். நரேன் உள்ளே போனார். சன்னதியில் நின்றதும் பணம் மறந்துவிட்டது. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி கேட்டுவிட்டு வந்தார். கேட்டாயா என்றார் குரு. மறந்துவிட்டேன். திரும்பப் போ. ரெண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை நினைவு இருந்தது, ஆனால் உலகத் தாயிடம் போய் இந்தச் சின்னதைக் கேட்பதா என்று வெட்கம் வந்து, கேட்காமலே திரும்பினார்.

நம் மேடைகளில் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, ஆகவே கோயிலில் காசு பணம் கேட்கக் கூடாது என்று பாடம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதை அங்கே முடியவில்லை. நரேன் விடாமல் குருவைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ராமகிருஷ்ணர், உன் குடும்பத்துக்கு எளிய சோற்றுக்கும் துணிக்கும் குறை வராது என்று வாக்குக் கொடுத்தார். ஆடம்பரம் அல்ல, சோறும் துணியும். பசியை அவர் அற்பம் என்று தள்ளவில்லை. நரேனும் அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தார், மெட்ரோபாலிட்டன் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார், வீட்டு வழக்குக்கும் அலைந்தார்.

கடைசி உரையாடல் காசிப்பூரில். 1885 டிசம்பரிலிருந்து தொண்டைப் புற்றுநோயோடு ராமகிருஷ்ணர் அங்கே ஒரு தோட்ட வீட்டில் இருந்தார். நரேன் அவரிடம், எப்போதும் சமாதியிலேயே மூழ்கிக் கிடக்கணும், அதுதான் என் ஆசை என்றார். காலமெல்லாம் தியானம் சொல்லித் தந்த குரு சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்போம்? கண்டித்தார். நீ பெரிய ஆலமரமாய் ஆயிரம் பேருக்கு நிழல் தருவாய் என்றல்லவா நினைத்தேன், உன் விடுதலையை மட்டும் பார்க்கிறாயே என்ற பொருளில். உத்தமமான ஆசை என்று உலகம் மெச்சக்கூடிய ஒன்றையே அவர் தட்டிக்கேட்டார். இப்படிச் சொல்ல ஐந்து வருஷப் பழக்கம் வேண்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் நரேன் எழுந்து போயிருப்பார்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரு துண்டை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நம் ஊர் வழியாகப் போகிறது. 1893 மே 31ல் பம்பாயில் கப்பல் ஏறியவர் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஜப்பான் போனார். ஜூலை 10ல் யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பனை வகைகளையும், மதராசில் மாம்பழம் மாதிரி இங்கே மங்குஸ்தீன் மலிந்து கிடப்பதையும் குறிப்பிட்டிருக்கிறார். ஜப்பானிலிருந்து கிளம்பிய கப்பலில் கூடவே பயணம் செய்தவர் ஜாம்செட்ஜி டாட்டா. அந்தப் பயணப் பேச்சை நினைவுகூர்ந்து, இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டும், நீங்கள் துணை நிற்கவேண்டும் என்று 1898 நவம்பர் 23ல் டாட்டா அவருக்குக் கடிதம் எழுதினார். டாட்டா 1904ல் காலமானார். பெங்களூரு இந்திய அறிவியல் நிலையம் 1909ல் பிறந்தது. எஞ்சினியர்களான நமக்கும் கப்பலில் ஒரு பங்கு இருந்திருக்கிறது. அதே 1904ல்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இலங்கைத் தமிழர்கள் விவேகானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மோனோரயில் ஏறப் போகும்போது அந்தச் சிலையைத் தாண்டித்தான் போகிறோம்.

பாடத்துக்கான பயிற்சி இது. கிளைகளில் வகுப்பு நடத்துபவர்கள் அடுத்த தடவை சொற்பொழிவை 20 நிமிஷத்தில் முடித்துவிட்டு மீதி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள். எங்கள் வகுப்பில் நாலு மாசமாக அப்படித்தான் செய்கிறோம். வியாழக்கிழமை 8.30க்கு, கோயில் மண்டபத்தின் பின்பக்கம், பதினொரு பேர். ஒரு நாளைக்கு ஒரே கேள்வி. பதில் சொல்பவர் முதலில் அது காண்டலா, கருதலா, உரையா என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கணும். முதல் வாரம் எல்லாமே உரையாகத்தான் இருந்தது. அது பரவாயில்லை. உரை என்று தெரிந்து சொல்வது வேறு. ஐயாவே ரெண்டு தடவை, "இது எனக்குத் தெரியாதுப்பா, நான் பாத்ததில்ல" என்றார். அதற்குப் பிறகு வகுப்பில் அவர் மேல் மரியாதை கூடித்தான் போயிற்று.

போன வாரம் முதலாம் ஆண்டுத் தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணே, கோயிலுக்கு வந்தா மனசுக்கு அமைதியா இருக்கு. ஆனா கடவுள் இருக்காருன்னு எனக்குத் தோணல. நான் இந்த வகுப்புக்கு வரலாமா?" நரேனைச் சொல்லி, வரலாம் என்று நான் சொன்னேன். அதைத் தங்கை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவரு பின்னாடி நம்பிட்டாருல்ல. நான் கடைசி வரைக்கும் நம்பலன்னா?" ஐயா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே 40 நிமிஷம் போய், மண்டபத்து விளக்கை அணைக்க ஆள் வந்துவிட்டார். வரும் வியாழன் அங்கிருந்தே தொடர்கிறோம். தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.